வாரோசும் லோபு துவாவும்: சுமாத்திராவின் சிற்றூர் ஒன்றின் வரலாறு

நம் வீடுகளிலும் கோயில்களிலும் நாள்தோறும் வழங்கும் பொருள்களுட் சில, தாம் பிறந்த ஊரின் பெயரைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தவை. கருப்பூரமும் சாம்பிராணியும் அத்தகையன. ஆயினும் அவ்வூர்ப் பெயர் தமிழில் முற்றாக மறைந்துபோகவில்லை. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், கருப்பூர வகைகளை அடுக்கிச் சொல்லுமிடத்து ‘வாரோசு’ என்னும் ஒரு வகையையும் சேர்த்துச் சொல்கின்றார். வாரோசு என்பது ஓர் ஊரின் பெயர். சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையில் இன்று பாரூசு என வழங்கும் சிற்றூரே அது. அதன் அயலில் உள்ள லோபு துவா என்னும் கிராமத்திலேதான் 1088ஆம் ஆண்டில் தமிழ் வணிகர் கல்வெட்டு ஒன்றை நாட்டினர். நம்மவருள் மிகச் சிலரே பெயர் கேட்டிருக்கக்கூடிய அக்கிராமத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதும், அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரின் இருப்பிடம்

சுமாத்திராத் தீவின் மேற்குப் புறம் முழுவதும், வடமுனையிலிருந்து தென்முனை வரை, ஏறத்தாழ 1700 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகின்றது. மலாய் மொழியில் அதனைப் ‘புக்கித் பாரிசான்’ என்பர். அணிவகுத்து நிற்கும் குன்றுகள் என்பது அதன் பொருள். அம்மலைத்தொடர் பல இடங்களிற் கடலை மிக நெருங்கி வருதலின், கரையோரச் சமவெளி ஒடுங்கியதாகவே உள்ளது. பாரூசும் லோபு துவாவும் இவ்வொடுங்கிய நிலத்தில், மலைக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே அமைந்தவை. நிருவாகப் பிரிவின்படி இவை வட சுமாத்திரா மாகாணத்தின் நடுத் தப்பனூலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. சிபோல்கா என்னும் துறைமுக நகருக்கு வடமேற்கே உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 2200 கிலோமீற்றர் தொலைவு எனலாம்.

இன்று அங்கே செல்லும் ஒருவர் காண்பது ஓர் எளிய நாட்டுப்புறத்தையே. நெல்வயல், தென்னை, இரப்பர்த் தோட்டம், மீன்பிடி ஆகியவற்றால் வாழும் மக்கள். கரையோரத்தில் இசுலாமியரும், உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்லக் கிறித்தவரான பத்தாக்கு மக்களும் மிகுதியாக உள்ளனர். கோபுரமோ, கோட்டையின் மதிலோ, பாழடைந்த மாளிகையோ லோபு துவாவில் இல்லை. பத்தாக்கு மொழியில் ‘லோபு’ என்பது மக்கள் விட்டு நீங்கிய பழைய குடியிருப்பைக் குறிக்கும். ஆகவே, ‘இது ஒரு பழம்பதி’ என்பதை ஊரின் பெயர் ஒன்றே பல நூற்றாண்டுகளாக உணர்த்தி வந்துள்ளது.

மலை தந்த செல்வம்

இத்தகைய ஒதுக்குப்புறமான கரைக்குச் சீனரும் அரபியரும் பாரசீகரும் தமிழரும் ஏன் வந்தனர் என்னும் வினா எழுதல் இயல்பே. பாரூசின் கடற்கரை அலைமோதும் திறந்த கரை; நம் திருகோணமலை போன்ற ஆழ்ந்த இயற்கைத் துறைமுகம் அன்று. கப்பல்களை அங்கே இழுத்தது கரையன்று, கரைக்குப் பின்னால் உள்ள மலைக்காடேயாகும்.

அக்காட்டில் வளர்வது கருப்பூர மரம். தாவர நூலார் அதனைத் திரையோபலானொப்சு என்னும் இனத்துள் அடக்குவர். நூற்றைம்பது, இருநூறு அடி உயரம் வரை ஓங்கி வளரும் இம்மரத்தின் முதிர்ந்த தண்டினுள்ளே, வைரத்தின் வெடிப்புகளில், வெண்மையான பளிங்குத் துகள்களாகக் கருப்பூரம் உறைந்து கிடக்கும். அதனை எடுப்பதற்கு மரத்தை வீழ்த்திப் பிளத்தல் வேண்டும். எல்லா மரத்திலும் அது இருப்பதில்லை. பல மரங்களை வெட்டிய பின்னரும் வெறுங்கையோடு திரும்புதல் உண்டு. எனவே எந்த மரம் கருப்பூரம் பொதிந்தது என அறியும் மலைவாழ் மக்களின் அறிவே இவ்வணிகத்தின் முதலாயிற்று. மலாய்க் குடாநாட்டுக் காடுகளிற் கருப்பூரம் தேடுவோர், காட்டினுள் இருக்கும்போது வழக்கமான சொற்களை விலக்கி, அதற்கென அமைந்த மறைமொழியிலேயே பேசுவர். பேச்சிற் பிழைத்தாற் கருப்பூரம் மறைந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஒரு பொருளின் அருமையை இதனினும் தெளிவாக விளக்குவது எது?

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். சீனம், யப்பான் முதலிய நாடுகளில் இலவங்க இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் கட்டையையும் இலையையும் வடித்துப் பெறும் கருப்பூரம் ஒன்று உண்டு. இரசாயன அமைப்பிலும் அது வேறுபட்டது. சுமாத்திராவிலும் போர்னியோவிலும் மரத்தினுள்ளே தானாக உறையும் கருப்பூரம் போர்னியோல் என்னும் பொருளாலானது. பழங்காலத்தில் மருந்துக்கும் உணவுக்கும் இறைவழிபாட்டுக்கும் உயர்ந்ததெனப் போற்றப்பட்டது இதுவே. 1292ஆம் ஆண்டளவிற் சுமாத்திராவிலே தங்கிய மார்க்கோ போலோ, பன்சூர்க் கருப்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என எழுதினார். அரபியர் பாரூசை வழங்கிய பெயர் பன்சூர் என்பதாம். இன்றும் இந்தோனேசியர் தம் துணிப்பெட்டியிற் பூச்சி அணுகாமல் இடும் உருண்டைகளைக் ‘காப்பூர் பாரூசு’ என்றே அழைக்கின்றனர். உருண்டையிற் பாரூசின் கருப்பூரம் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

கருப்பூரத்துக்கு அடுத்த நிலையிற் சாம்பிராணி இருந்தது. மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறிவிட, வடிந்து உறையும் பிசினே அது. கருப்பூர மரங்கள் இன்று அருகிவிட்டனவாயினும், பாரூசுக்குப் பின்னாலுள்ள மேட்டுநிலங்களிற் பத்தாக்கு உழவர் சாம்பிராணி எடுக்கும் தொழிலை இன்னும் கைவிடவில்லை.

காற்று வகுத்த வழி

மலை பொருளைத் தந்தது. காற்று வழியைத் தந்தது. வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று, தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் இருந்து புறப்படும் பாய்க்கப்பலைக் கிழக்கே கொண்டு செல்லும். கார்த்திகைக்குப் பின் எழும் வாடை அதனைத் திருப்பிக் கொண்டுவரும். ஒரு காற்றிற் சென்றவர் மறு காற்று எழும்வரை பல மாதங்கள் அங்கே தங்குதல் தவிர்க்க முடியாதது. தங்குவோர்க்கு வீடு வேண்டும், பண்டசாலை வேண்டும், வழிபடும் இடம் வேண்டும், பொருளைக் காக்கும் காவல் வேண்டும், தமக்குள் எழும் வழக்கைத் தீர்க்கும் ஒழுங்கும் வேண்டும். கடல் கடந்த நாடுகளில் வணிகக் குடியிருப்புகள் தோன்றியது இவ்வாறேயாகும். படையெடுப்பு ஒன்றும் இதற்கு வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மாறி வீசும் இரு காற்றுகளே போதுமானவை.

கல்வெட்டும் அதன் செய்தியும்

1873ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், லோபு துவாவில் எழுத்துப் பொறித்த கல் ஒன்று வெளிப்பட்டது. பின்னர் அதன் துண்டங்கள் பத்தாவியா, அஃதாவது இன்றைய சக்கார்த்தா, அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. எழுத்துத் தமிழ் என்பதைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்சு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துக் காட்டினார். 1932ஆம் ஆண்டிற் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் இதனை விரிவாக ஆராய்ந்து, சுமாத்திராவில் இருந்த தமிழ் வணிகக் கணம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அண்மைக் காலத்திற் பேராசிரியர் எ. சுப்பராயலு கல்லை மீண்டும் படித்து, முன்னையோர் வாசிப்பைத் திருத்தி நிறைவு செய்துள்ளார்.

கல்வெட்டின் சாரம் வருமாறு: சக ஆண்டு 1010, மாசித் திங்கள். வாரோசு என்னும் இடத்தில், தம் பட்டினத்தின் துறைமுகப் பகுதியான வேளாபுரத்திலே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனப்படும் வணிகக் கணத்தார் கூடுகின்றனர். தம் ‘மகனார்’ எனத் தாம் அழைக்கும் நகரசேனாபதி நாட்டுச் செட்டியார் முதலியோர்க்கு ஓர் உரிமையை வழங்குகின்றனர். அதன்படி, வந்து சேரும் மரக்கலத்தின் நாயகனும் உடன் தொழில் செய்வோரும் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னிற் கணிக்கப்படும் ஒரு கட்டணத்தைச் செலுத்தல் வேண்டும். செலுத்திய பின்னரே விரித்த பாவாடைமீது அடிவைத்து உட்செல்லலாம். இதனைக் கல்லில் எழுதி நாட்டியதாகக் கணத்தார் கூறி, அறத்தை மறவாதிருக்கும்படி அறிவுறுத்தி முடிக்கின்றனர்.

சில வரிகளே கொண்ட இக்கல் பல செய்திகளை உணர்த்துகின்றது. ஐந்நூற்றுவர் என்போர் கன்னட நாட்டு ஐகொளேயில் வேர்கொண்டு, தென்னாடு முழுவதும் பரவி, பல மொழியினரையும் பல குலத்தினரையும் உள்ளடக்கிய பெருங் கணத்தார். அவர்தம் கல்வெட்டுகள் நம் ஈழத்திலும் வாகல்கடை, பதவியா முதலிய இடங்களிற் கிடைத்துள்ளன. அத்தகையோர் பாரூசிலே தமக்கெனப் பட்டினம் ஒன்று கொண்டிருந்தனர், கூடி முடிவு செய்யும் அவை இருந்தது, காவற்றலைவன் இருந்தான், வந்து போகும் கப்பல்களிடம் முறைப்படி கட்டணம் பெறும் ஏற்பாடும் இருந்தது. இவையனைத்தும் நிலைத்த குடியிருப்பின் அடையாளங்கள்.

அரசன் பெயர் இல்லாத கல்

கல் சொல்லும் செய்தியைப் போலவே, அது சொல்லாது விட்டதும் நம் கருத்துக்கு உரியது. 1088ஆம் ஆண்டிலே சோழநாட்டின் அரியணையில் இருந்தவன் முதலாங் குலோத்துங்கன். அவன் ஆட்சிக்குட்பட்ட நிலத்திற் கல்வெட்டுப் பொறிப்போர் அவன் மெய்க்கீர்த்தியைக் கூறி, அவன் ஆட்சியாண்டைக் குறிப்பதே வழக்கம். லோபு துவாக் கல்லில் மெய்க்கீர்த்தி இல்லை, ஆட்சியாண்டு இல்லை, சோழன் பெயரும் இல்லை. காலம் சக ஆண்டினாலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆணையிடுவோர் வணிகரே.

முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவிற் கடாரத்தின்மேலும் ஸ்ரீவிசயத்தின்மேலும் கடற்படை செலுத்தினான் என்பது வரலாறு அறிந்த செய்தி. அவன் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்கின்றது. சுமாத்திராவின் வடமுனையிலிருந்த இலாமுரிதேசம் அவற்றுள் ஒன்று. வாரோசின் பெயரோ அப்பட்டியலில் இல்லை. எனவே, மேடைகளிலும் மலர்களிலும் சிலர் உரைப்பதுபோல, பாரூசு ‘தமிழர் வென்று ஆண்ட நாடு’ என்பதற்குச் சான்று கிடையாது. சான்று காட்டுவது வேறு: அங்கே தமிழர் வாழ்ந்தனர்; பிறரோடு வாழ்ந்தனர்; வாங்கியும் விற்றும், கட்டணம் கொடுத்தும் பெற்றும் வாழ்ந்தனர்.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவது நம் பெருமையைக் குறைப்பதற்கன்று. வென்ற படை மீண்டு சென்றபின் அதன் சுவடு விரைவில் அழியும். வணிகரின் சுவடோ மக்கள் நாவில் நிற்கும். கப்பலைக் ‘காப்பால்’ என்றும், கடையைக் ‘கெடாய்’ என்றும், பெட்டியைப் ‘பெத்தி’ என்றும், கட்டிலைக் ‘காத்தில்’ என்றும் மலாய் மொழியினர் வழங்குகின்றனர். இச்சொற்கள் போர்க்களச் சொற்களல்ல. துறைமுகத்திலும் அங்காடியிலும் வீட்டிலும் வழங்குஞ் சொற்கள். சுமாத்திராவின் உள்நாட்டு மேட்டுநிலத்தில் வாழும் காரோ மக்களின் செம்பிரிங் குலத்திலே சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா முதலிய உட்பிரிவுப் பெயர்கள் உள்ளன. இவை சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர் என்னும் பெயர்களின் திரிபாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. வந்த வணிகருட் சிலர் மீளாது, அம்மக்களோடு மணவுறவு கொண்டு கலந்தமையை அப்பெயர்கள் சுட்டுகின்றன என்பர். கலந்தவர் தம் மொழியை இழந்தனர். பெயரின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டனர்.

மண்ணுக்குள் கிடைத்த சான்று

லோபு துவாவின் மண்ணை முறைப்படி ஆராயும் பணி 1995ஆம் ஆண்டிலே தொடங்கியது. குளோத் கில்யோ என்னும் பிரெஞ்சு அறிஞரின் தலைமையிற் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர் ஒருங்கிணைந்து அகழ்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு இது: குடியிருப்பு 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவிலே தொடங்கியது, 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கைவிடப்பட்டது. சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, இந்திய மட்பாண்டம், பொற்காசு, வெள்ளிக்காசு, மணிவகை ஆகியன கிடைத்தன. தமிழ்க் கல்வெட்டுத் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது பல நாட்டவர் கூடும் சந்தையாக இருந்தது என்பது இதனாற் புலனாகும். தமிழர் அச்சந்தையை ஆக்கியவரல்லர். அதன் பங்காளிகளுள் ஒருவர்.

ஊர் ஏன் கைவிடப்பட்டது? கெர்காசி எனப்படும் பூதங்கள் வந்து அழித்தன என்று உள்ளூர்ப் பழங்கதை கூறும். பூதமென்பது எதனைக் குறித்ததாயினும், கல் நாட்டப்பட்ட பின் நெடுங்காலம் செல்லுமுன்னரே பட்டினம் வெறுமையாயிற்று என்பதை மண் உறுதி செய்கின்றது. அதன்பின் குடியிருப்புச் சற்று அப்பாலுள்ள புக்கித் அசாங் என்னும் இடத்துக்குப் பெயர்ந்து, 16ஆம் நூற்றாண்டு வரை செழித்தது. தோமே பீரெசு என்னும் போர்த்துக்கேயர் 1512 முதல் 1515 வரை எழுதிய நூலிற் பாரூசை வளமிக்க துறையெனக் குறிக்கின்றார். மலாய் மொழியின் புகழ்பெற்ற சூபிக் கவிஞர் அம்சா பன்சூரியின் பெயரில் ஒட்டியிருப்பதும் இவ்வூர்ப் பெயரேயாகும். பின்னர் ஒல்லாந்தக் கும்பினியாரும் வந்தனர். காலப்போக்கில் வணிகம் பிற துறைகளுக்குப் பெயர, பாரூசு மீண்டும் சிற்றூராயிற்று. 2017ஆம் ஆண்டு பங்குனியில், அத்தீவுக்கூட்டத்திற் பரவிய இசுலாமிய நாகரிகத்தின் தொடக்கப் புள்ளியாக ஒரு நினைவுத்தூண் பாரூசிலே சனாதிபதி சோக்கோ விடோடோவினால் திறந்துவைக்கப்பட்டது. ஓர் ஊரைப் பல சமயத்தாரும் பல மொழியினரும் தத்தம் வரலாற்றின் வாயிலாகக் காண்பதில் முரண் இல்லை. துறைமுகத்தின் இயல்பே அதுவாகும்.

நம் கரையிலுள்ள சான்று

இவ்வரலாற்றைப் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர்க்குத் தம் கரையிலுள்ள ஒரு கல் நினைவுக்கு வருதல் வேண்டும். நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. அவன் 1153 முதல் 1186 வரை ஆண்டவன். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தார். ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசி வணிகர்க்குக் காவல் அளிக்கப்படல் வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் கெட்டால் நாலிலொரு பங்கைப் பண்டாரம் கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும் என்றும், வாணிகப் பண்டம் ஏற்றிய கலம் கெட்டாற் சரிபாதியாகப் பகிரவேண்டும் என்றும் அது விதிக்கின்றது.

வாரோசுக் கல்லும் நயினைக் கல்லும் ஒரு நூற்றாண்டுக்குள் எழுந்தவை. இரண்டும் தமிழில் எழுதப்பட்டவை. ஒன்று வணிகர் இட்ட ஒழுங்கு. மற்றது சிங்கள நாட்டு மன்னன் இட்ட ஒழுங்கு. முன்னது வந்த கலத்தின் கடமையைச் சொல்கிறது. பின்னது கெட்ட கலத்தின் உரிமையைச் சொல்கிறது. வங்கக் கடலின் இரு கரைகளிலும் அந்நியனை எவ்வாறு நடத்துவது என்ற வினாவுக்கு அக்காலத்தார் எழுத்தில் விடை வகுத்திருந்தனர் என்பதையும், அவ்வெழுத்துக்குத் தமிழ் பொதுமொழியாக நின்றது என்பதையும் இவ்விரு கற்களும் சேர்ந்து காட்டுகின்றன. அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டிலே யோன் காசுவெல் அகழ்ந்தெடுத்த சீனப் பீங்கான்களும் வட சுங் அரசர் காலத்தின் இறுதிப் பகுதிக்கு, அஃதாவது இதே நூற்றாண்டுகளுக்கு, உரியவை. 2018ஆம் ஆண்டிற் சீன அறிஞர் வந்து அவ்விடத்தை மீண்டும் ஆராய்ந்தனர். வாரோசுக்குச் சென்ற கப்பல்களும் நம் தீவுகளை அணைந்த கப்பல்களும் ஒரே கடல்வழியைச் சேர்ந்தவை என்பது இதனாற் தெளிவாம்.

முடிவாக, லோபு துவா நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, வரலாற்றின் பெருஞ் சான்றுகள் தலைநகரங்களில் மட்டும் கிடைப்பன அல்ல என்பது. சிற்றூர் ஒன்றில் வெளிப்பட்ட ஒரு கல் இல்லையேல், பாரூசுத் தமிழரின் வாழ்வு உரையாசிரியர் விட்டுச்சென்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்திருக்கும். நம் தீவுகளிலும் கரையோர ஊர்களிலும் கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் வெளிப்படும் ஓட்டையும் காசையும் எழுத்துள்ள கல்லையும் குப்பையெனக் கொட்டாது, கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துத் தொல்பொருள் அறிஞர்க்கு அறிவித்தல் ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணியே. இடத்தை விட்டு நீக்கிய பொருள் தன் வரலாற்றில் பாதியை அங்கேயே விட்டுவிடும்.

இரண்டாவது, முன்னோர் பெருமையைச் சொல்லும்போது சான்று கொடுக்கும் அளவுக்கே சொல்லுதல் வேண்டும் என்பது. மலையில் மரத்தை அறிந்தவர் பத்தாக்கு மக்கள். கரையில் விலை பேசியவர் பல நாட்டார். அவர்களுள் நம்மவரும் ஒருவர். வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் ஆசை இவ்வுண்மையை மறைத்துவிடுமாயின், நாம் இழப்பது பெரிது. ஏனெனில், அயல்நாட்டிலே வாளின்றி ஓர் ஒழுங்கை அமைத்து, அதன் இறுதியில் அறத்தை நினைவூட்டிச் சென்ற மக்களின் வழிவந்தோர் என்பதே லோபு துவாக் கல் நமக்கு வழங்கும் பெருமை. அதனினும் உயர்ந்ததொன்றை நாம் புனைந்து சேர்க்க வேண்டுவதில்லை.